வாய் திறக்காத சாரணர் குழு

பஞ்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவளை மில்லக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? வீட்டுக்காரர்கூட கோபமில்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார். நூல் சுற்றும் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீக்குப் போகலாமா என்று அர்த்தம். மேல் உதட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார், வேலையைப் பார். அந்தச் சைகை பிறந்த காலத்துச் சூப்பர்வைசருக்குப் பெரிய மீசை. இப்போதிருப்பவர் மழுங்கச் சிரைத்த ஆள், ஆனாலும் யாரும் சைகையை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லக்கா வேறு ஆள். காக்கி உடை, கழுத்தில் ஸ்கார்ஃப், பையில் கயிறும் கண் கட்டும் துணிகளும். மகள் சாரணர் குழுவில் சேர்ந்தபோது துணைக்குப் போக ஆரம்பித்தவள். மகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள், அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு குழுத் தலைவராகவும் ஆகிவிட்டாள். ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டுப் பிள்ளைகள், பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது. வாரத்தில் ஆறு நாள் இயந்திரம் சொன்னபடி ஆடுகிறவளுக்கு, அந்த ஒரு நாள் காலையில் தான் சொன்னபடி பதினெட்டுப் பேர் ஆடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. மில்லில் யாருக்கும் தெரியவில்லை, அங்கேதான் எல்லாருமே செவிடர்கள் போல வாழ்கிறார்களே. வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். டிவியை இவ்வளவு சத்தமாக வைத்தால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் நாடகம் பார்க்கத் தனியாக டிவி வாங்க வேண்டாம் என்று கிண்டல் செய்தார். கிண்டல் பலிக்காதபோது டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். எனக்கென்ன கேடு என்று அவள் மழுப்பிவிட்டாள்.

மழுப்பியதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் குழுத் தலைவர் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில், பார்வை, செவி, உடல்நலம் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று ஒரு வரி வரும். அவளுக்கு முன்னால் தலைவராக இருந்த ஓவிய வாத்தியார் முட்டி வலிக்கிறது என்று உண்மையை எழுதினார். அடுத்த மாதமே ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். இன்றுவரை யாரும் அவரிடம் ஓர் ஆலோசனையும் கேட்கவில்லை. மில்லக்காவுக்குக் கடிகாரம் வேண்டாம், பிள்ளைகள் வேண்டும். அதனால் மூன்றையும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமையைச் சமாளிக்க வேண்டுமே. பதினெட்டு வாயும் ஒரே நேரத்தில் கத்துகிற விளையாட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. ஒருநாள் சட்டம் போட்டாள். இனிமேல் விளையாடும்போது யாரும் பேசக் கூடாது, கையும் கண்ணும்தான் பேச வேண்டும். ஏன் என்று கேட்டவளிடம் கட்டுப்பாடு என்றாள். கேட்டவள் ஓர் அணித் தலைவி, பதினாலு வயது, குழுவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வாயாடியை வாயை மூடச் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று மில்லக்கா அன்றைக்கு யோசிக்கவில்லை.

மில் சைகைகளைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். பிறந்த தேதிப்படி பேசாமல் வரிசையில் நிற்பது, கைகளைக் கோத்துச் சிக்கலாக்கி, பிடித்த கையை விடாமல் சிக்கலைப் பிரித்தெடுப்பது, எல்லாரும் ஏறி நிற்கும் தார்ப்பாயை ஒருவரும் தரையில் கால் வைக்காமல் புரட்டிப் போடுவது என்று எல்லாமே ஊமை விளையாட்டுகள். போட்டிகளில் மற்றக் குழுக்கள் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் கண்ணாலேயே பேசி முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று கோப்பை. பெயர் பரவிவிட்டது.

இடையில் ஒன்று நடந்தது. போன வருஷம் மலையடிவாரத்தில் நடைப்பயணம். மில்லக்கா முன்னால் போனாள். கடைசியில் வந்த பையன் கால் பிசகி விழுந்து, அக்கா அக்கா என்று அலறியிருக்கிறான். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். வாயாடி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாள். ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்று சொல்லி, அந்தப் பையனை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினாள். அன்றிலிருந்து அந்த அலறல், கேட்காமலேயே, அவள் காதில் இருந்துகொண்டு அவளை வதைத்தது.

இப்படி இருக்கையில் சாரணர் இயக்கத்தின் மாவட்ட ஆணையர் வருவதாகக் கடிதம் வந்தது. இந்தக் குழுவின் பேசாப் பயிற்சி முறையைப் பார்த்து எழுதி, நாற்பது குழுக்களுக்கு அனுப்பப் போகிறாராம்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் கட்டி இடம் செய்திருந்தார்கள். ஆணையர் வாசலில் தலையைக் காட்டியதும் வாயாடி மற்றவர்களைப் பார்த்து மேல் உதட்டில் விரலால் கோடு இழுத்தாள். ஆணையருக்கு உண்மையிலேயே நல்ல மீசை. இது இந்தக் குழுவின் வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் பதிலுக்கு மேல் உதட்டில் கோடு இழுத்தார். பதினெட்டுப் பேரும் சிரிப்பை அடக்கிய அடக்கில் அவர்களுடைய கட்டுப்பாட்டுக்கு வேறு சாட்சியே தேவைப்பட்டிருக்காது.

ஆறு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் சதுரம் அமைத்துக் காட்டினார்கள். ஆணையர் குறிப்பேட்டில் எழுதித் தள்ளினார். இதன் தத்துவம் என்ன என்று கேட்டார். மில்லக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் கேள்வி புரிந்தது. நம்பிக்கை சார் என்று எதையோ சொல்லி வைத்தாள். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. பேசி ஆடும் விளையாட்டு ஒன்றையும் பார்த்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். நாற்காலி, வாளி எல்லாம் கூடத்தில் பரப்பி வைக்கட்டும், தலைவர் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும், பிள்ளைகள் எதிர்ச் சுவரோரம் நின்று குரலால் மட்டும் வழி சொல்லட்டும். தொடக் கூடாது.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம்கூட மில்லக்காவுக்கு அகப்படவில்லை. வாயாடிதான் துணியைக் கட்டினாள். முடிச்சுப் போடுவதற்கு முன் ஒருமுறை மில்லக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

காது ஏற்கெனவே இல்லை, இப்போது கண்ணும் இல்லை. கத்துகிறார்களா, கத்தவில்லையா? வலது என்கிறார்களா, நில் என்கிறார்களா? எவ்வளவு நேரம்தான் மரம் மாதிரி நிற்பது என்று ஒரு காலை எடுத்து வைத்தாள். வாளி உருண்டது. தடுமாறி விழப் போனவளின் கையை ஒரு சின்னக் கை பிடித்தது. இன்னொரு கை முழங்கையைப் பிடித்தது. அப்புறம் தோளில், முதுகில், எத்தனை கைகள் என்று எண்ணிக்கை தெரியவில்லை.

துணியை அவிழ்த்தாள். சுவரோரம் ஒருவரும் இல்லை. பதினெட்டுப் பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். தொடக் கூடாது என்று சொன்னேனே என்று ஆணையரின் உதடு சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமும் வெட்கமும் ஒன்றாகச் சேர்ந்த அழுகை. மலையடிவாரத்தில் விழுந்து கிடந்த அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று பட்டது.

"எனக்குக் காது சரியா கேக்காது சார். ரெண்டு வருஷமா. படிவத்துல பொய் எழுதிட்டேன்."

"அப்போ இந்த முறை?"

"முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைங்க பேசுறது எனக்கு விளங்கல, அதனால பேச வேணாம்னுட்டேன்."

ஆணையர் குறிப்பேட்டை மூடினார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் தெரிந்த மனிதர். நன்றாகக் காது கேட்கும் இன்னொரு பெரியவர் துணைக்கு இல்லாமல் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகக் கூடாது என்றார். இந்த மாதத்துக்குள் டாக்டரைப் பார்த்து, காதுக்குக் கருவி வைத்துக்கொண்டு, அதன் பிறகு புதுப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதித் தர வேண்டும், அதுவரை கூடத்துக்குள் மட்டும் விளையாட்டு என்றார். கடிகாரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. மில்லக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, உங்களையும் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வாயாடி முந்திக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியும்க்கா. அவன் கால் பிசகின அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

பதினெட்டுத் தலைகளும் ஆடின. வாயாடி இன்னும் ஓரடி நெருங்கி, தன் உதடு நன்றாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ இனிமே விளையாடும்போது பேசலாமாக்கா?"