மைமூனின் கோடாலி

நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு மகன் நீட்டிய ஜாய்ஸ்டிக்கில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்ததும், எப்போதோ இடித்துக் கடைகளாகிவிட்ட மைமூனின் வடகரை வீட்டு மாடியறைக்குள், ஜன்னல் வழியே சாரல் பொடிப்பொடியாய் வந்து முழங்காலில் விழும் ஒரு மத்தியானத்துக்குள் போய்விட்டேன். அவள் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமுக்கு ஒரே ஜாய்ஸ்டிக்; நாங்களோ தெருப்பிள்ளைகள் அத்தனை பேர். அதனால் ஆளுக்கொரு ஆயுதம் என்று பிரித்துக்கொண்டோம். திரையில் எந்த ஆயுதம் கிடைக்கிறதோ, அதற்குரியவர் கைக்கு ஜாய்ஸ்டிக் போகும். புது ஆயுதம் தென்பட்டால், இன்னொரு பிள்ளைக்கும் இடம் கிடைத்துவிடும். கத்தி எனக்கு, அடிக்கடி வரும். கோடாலி மைமூனுக்கு, அபூர்வமாகத்தான் வரும்; ஒருமுறை வீசினால் மறைந்தும் போகும்.

அது வந்த அன்று அவள் வீசவேயில்லை. விழுகிற அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு, கோடாலியைத் தோளில் சாய்த்தபடி, நீல மலைகள் நகரும் அந்தத் திரைக்குள் மெதுவாக நடந்துகொண்டேயிருந்தாள்.

“ஏட்டி, வீசு! செத்துருவே!” என்று கத்தினோம்.

“வீசுனா போயிரும்லா. இன்னும் கொஞ்சம் நடந்துக்கிடுதேன்” என்றாள்.

மகனின் விளையாட்டில் ஆயுதங்கள் நூற்றுக்கணக்கில். எதுவும் தீர்வதில்லை, எல்லாம் அவன் ஒருவனுக்கே. தேடிப்பிடித்துக் கோடாலியை எடுத்தேன்.

“அடிங்கப்பா! ஏன் சும்மா நடக்கீங்க?”

“இன்னும் கொஞ்சம் நடந்துக்கிடுதேன்லே.”