வலது காதுக்கு ஒரு டிக்கெட்

நான் குடியிருக்கும் லொன்ட்ரினா நகரத்தில் தெருமுனை மருந்துக்கடையிலேயே காது குத்துகிறார்கள். தலைவலி மாத்திரைக்கு வரிசையில் நின்றால், பக்கத்து நாற்காலியில் தாய் மடியில் ஒரு கைக்குழந்தை இருக்கும். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் சின்னத் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காதில் வைத்து 'டக்'கென்று அழுத்துவார். மற்றக் காதிலும் ஒரு 'டக்'. குழந்தை அழுது முடிப்பதற்குள் தாய் பில் போட நகர்ந்துவிடுகிறாள். மாமன் இல்லை, கிடா இல்லை, மைக் செட் இல்லை. பிரேசிலின் தெற்குப் பக்கம், சாவோ பாவுலோவிலிருந்து ஓர் இரவு பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே ஒரு லேபிள் அச்சகத்தில் எனக்குக் கலர் பார்க்கும் வேலை. சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிளில் பழகிய கண் இங்கே சாஸ் பாட்டிலுக்குச் சிவப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறது.

அக்கா செல்வியிடமிருந்து போன் வந்தபோது இந்த மருந்துக்கடையைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தேன். "ஏலே சரவணா, யாழினிக்குக் காது குத்தணும்லே. தீபாவளி கழிஞ்சு வச்சிருக்கோம். வந்துருவேல்ல? மாமன் மடி இல்லாம எப்படிலே குத்துறது?" அவளுக்கு நான் ஒரே தம்பி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடியாபீஸ், அதாவது பட்டாசு ஆலை வேலைக்குப் போகிற குடும்பங்களுக்குத் தீபாவளி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளி முடிந்தால் ஆபீஸ் கதவைச் சாத்திவிடுவார்கள். ஊரே வீட்டில் இருக்கும் அந்தக் கொஞ்ச நாளுக்குள்தான் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது. தள்ளினால் அக்கா வீட்டுக்காரரான மச்சான் மறுபடியும் வெடிமருந்து கலக்கும் ரூமுக்குள் போய்விடுவார்.

லீவு கேட்டு மேலாளர் மார்சியாவிடம் போனேன். நல்ல பெண்மணி. முகம் நிறைய அக்கறையோடு கேட்டார்.

"காது குத்தவா? மருந்துக்கடையில் குத்துவார்களே!"

"இல்லை, என் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும்."

"ஓ! உனக்குக் காது குத்தத் தெரியுமா?"

"தெரியாது. ஆசாரி குத்துவார். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"சும்மா உட்காரவா இந்தியா வரைக்கும் போகிறாய்?"

ஆமாம் என்றேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இங்கே நன்றி, வணக்கம், சரி, பரவாயில்லை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு விரல்தான். எதற்காக உயர்த்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லீவு மட்டும் கிடைத்தது.

டிக்கெட் தேடுவதில் நான் கொஞ்சம் வித்தைக்காரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. சாவோ பாவுலோவில் இருக்கும் தமிழ்ப் பையன்கள் ஊருக்குப் போவதென்றால் என்னிடம்தான் கேட்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தேடுவது வேறு, எனக்குத் தேடுவது வேறு. சாவோ பாவுலோவில் இருப்பவன் டிக்கெட் தேடினால் உலகம் கிடைக்கும். லொன்ட்ரினாவில் இருப்பவன் தேடினால் சாவோ பாவுலோ கிடைக்கும், அவ்வளவுதான். அந்தக் குட்டி விமானத்துக்கு அவர்கள் வைக்கும் விலையைப் பார்த்தால் கடல் தாண்டுவதே அதுதானோ என்று தோன்றும். போதாக்குறைக்கு அந்த வாரத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாள் வந்தது. கல்லறைக்குப் பூ வைக்க நாடே கிளம்பும் ஃபெரியாடோ, அரசு விடுமுறை; இரவு பஸ்ஸிலும் இடமில்லை. செவ்வாய்க்கிழமை பார், விடியற்காலையில் பார், வேறு பெயரில் தளத்துக்குள் போய்ப் பார் என்று நான் ஊருக்கெல்லாம் சொன்ன யோசனை ஒன்றும் எனக்கு உதவவில்லை. கண்ணுக்குப் பிடித்த விலை ஒன்று வரும். பாஸ்போர்ட் எண்ணை அடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும். எரிச்சலில் போனை மெத்தையில் எறிந்துவிட்டு, அரை நிமிஷத்தில் நானே எடுத்து மறுபடி தேடுவேன்.

அப்போதெல்லாம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வரும். காலேஜ் படித்த நாளில் மதுரைக்குப் போக நான் எதையும் தேடியதே இல்லை. நின்றால் போதும். "மதுரை மதுரை மதுரை" என்று கண்டக்டரே நம்மைத் தேடிக்கொண்டு வருவார். ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஜன்னல் சீட்டில் துண்டு போட்டவனுக்கும், வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து படியில் தொற்றியவனுக்கும் டிக்கெட் ஒன்றுதான். அவசரமாக வருகிறான், இவனிடம் நாலு மடங்கு வாங்கலாம் என்று எந்தக் கண்டக்டருக்கும் தோன்றியதில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே டிக்கெட்டாக எடுக்காமல் இரண்டாக உடைப்பது. லொன்ட்ரினாவிலிருந்து சாவோ பாவுலோவுக்கு ஒன்று. அங்கிருந்து வளைகுடா வழியாக மதுரைக்கு இன்னொன்று. முதல் விமானம் ஊருக்கு நடுவே கொங்கோன்யாஸில் இறங்கும். இரண்டாவது ஊருக்கு வெளியே குவாருல்யோஸிலிருந்து கிளம்பும். நடுவில் டாக்சி. நேரம் இருந்தது, போதும் என்று கணக்குப் போட்டேன். அந்த மலிவு டிக்கெட்டில் பெட்டி கிடையாது. ஒரு மொஷிலா, அதாவது முதுகில் மாட்டும் பை மட்டும். அந்த அளவுக்கு அடங்குகிற பை என்னிடம் ஒன்றுதான் இருந்தது. போன முறை ஊரிலிருந்து வரும்போது அக்கா துவைத்துக் கொடுத்தது. அதற்கு முன் மச்சான் அதில்தான் வெடியாபீசுக்குச் சோற்று வாளி கொண்டுபோவார். அதற்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, யாழினிக்கு வாங்கிய பச்சைக்கல் கம்மல். கம்மல் மாமன் போட வேண்டியது.

டாக்சி நெரிசலில் நின்று நின்று போனது. இருந்தாலும் பாதுகாப்புச் சோதனைக்கு நேரத்தோடு போய்விட்டேன். அங்கே ஓர் அதிகாரி என்னைத் தனியே அழைத்து, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றால் பையின் உட்புறத்தைத் துடைத்து, வெடிமருந்து கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் வைத்தார். அது சிவப்பாக எரிந்தது. வேறு துணி, மறுபடி சிவப்பு. எங்கள் வீட்டில் துணி, தலையணை, பாடப்புத்தகம் எதைத் துடைத்து வைத்தாலும் அந்த இயந்திரம் அப்படித்தான் எரியும். எங்களுக்கு வெடிமருந்து வெறும் தூசி. பையை எடுத்தபோது அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

"எங்கள் குடும்பம் பட்டாசு செய்கிறது" என்று உண்மையைச் சொன்னேன். சொன்னதும் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். கம்மலை வெளியே எடுத்து உருட்டிப் பார்த்தார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. மரியாதையாக, நிதானமாக, என் விமானம் கிளம்பும் வரை பார்த்தார்கள். முடிவில் ஒருவர் சிரித்து, "ஃபோகோஸ், பட்டாசு! சாவோ ஜோவாவ் திருவிழாவுக்கு என் பிள்ளைகளும் கொளுத்துவார்கள்" என்று சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார். வாசல் மூடியிருந்தது. தனித்தனி டிக்கெட், தாமதம் உங்களுடையது, பணம் திரும்ப வராது என்றார்கள் விமானக் கவுண்டரில். அடுத்த விமானத்தின் விலையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். விலையை விழுங்கினாலும் முகூர்த்தத்துக்குப் பிறகுதான் போய்ச் சேருவேன்.

நடந்ததைப் போனில் சொன்னதும், "வெளையாடாதலே" என்றாள் அக்கா. பிறகு, "தொவச்ச பைய வெயில்ல காயப் போடாமக் குடுத்துட்டேனேலே" என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

காதுகுத்து நடந்த நாளில் நான் அச்சகத்தில் இருந்தேன். காலைக் காப்பி நேரத்தில் வீடியோ வந்தது. அய்யனார் கோவில் வேப்ப மரத்தடி. சித்தப்பா மகன் குமார் சம்மணம் போட்டிருந்தான். அவன் மடியில் என் பழைய நீலச் சட்டையை விரித்து, அதன் மேல் யாழினியை உட்கார்த்தியிருந்தாள் அக்கா. ஆசாரி இடது காதைக் குத்தினார். பிள்ளை கோவிலே அதிர வீரிட்டது.

"போதும்ண்ணே, எந்திரிங்க" என்றாள் அக்கா.

"இன்னொரு காது இருக்கேம்மா?" என்றார் ஆசாரி.

"அதுக்கு அதோட மாமன் வருவான்."

கூட்டத்தில் மச்சானின் குரல் கேட்டது: "ஏத்தா, ஒத்தக் காதோட பிள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்குத் திரிவ?" குமார், "அப்ப நான் பாதி மாமனா அக்கா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த மார்சியா குழம்பிப்போய்க் கேட்டார், "ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள்? மருந்துக்கடையில் இரண்டுக்கும் சேர்த்துத்தானே வாங்குவார்கள்?" நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

இப்போது யாழினி, ஆசாரி போட்டுவிட்ட ஒற்றைக் கம்மலோடு ஊரைச் சுற்றுகிறாள். கேட்பவர்களிடம் வலது காதைத் தொட்டு, "இது பிரேசில் காது" என்கிறாளாம். பச்சைக்கல் கம்மல் ஜோடியாக என் மேஜையில் இருக்கிறது. பையை மாடிக் கொடியில் வெயிலில் போட்டிருக்கிறேன். அது காய்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, வலது காதுக்கு ஒரு டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறேன்.