நேராகப் பார்த்தால் மறையும் நெபுலா

எழுபதுகளில் எங்கள் வானியல் சங்கம் ராஜா அண்ணாமலைபுரத்தில் தலைவரின் மொட்டை மாடியில் கூடும். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பொருளாளருக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. நான் செயலாளர். வானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி எங்களிடம் விதிகள் இருந்தன. தொலைநோக்கியில் பதவி வரிசைப்படிதான் பார்க்க வேண்டும். சேர வருபவர் வானத்தில் ஒரு பொருளைத் தாமே தேடிக் காட்ட வேண்டும். தலைவரும் பொருளாளரும் கண்டோம் என்று சொன்னால்தான் அனுமதி.

புரட்டாசியில் ஒரு மாலை, கல்லூரியில் பௌதிகம் கற்பித்த ஓர் அம்மாள் சேர வந்தார். தொலைநோக்கி வாங்க அவருக்கு வசதியில்லை. எங்களுடையதை நம்பித்தான் வந்தார். கண் வைத்துப் பார்க்கும் வில்லை மட்டும் அவரிடம் சொந்தமாக இருந்தது. சங்கத்து வில்லையில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைத் துடைப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தோம், துடைக்கவில்லை.

தம் வில்லையைப் பொருத்தி, வடக்கே அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு சின்ன நெபுலாவைப் பிடித்தார். சாகிற நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு அது. நடுவில் அந்த நட்சத்திரம் இன்னும் எரிகிறது.

தலைவர் குனிந்தார். "ஒரே ஒரு நட்சத்திரம்னா தெரியறது?"

"நேரா பாத்தா அதுதான் சார் தெரியும். பார்வையைக் கொஞ்சம் ஓரமா திருப்புங்க, சுத்தி வட்டமா வரும்."

"எனக்குப் பார்க்கச் சொல்லித் தரயாம்மா? முப்பது வருஷம் சாட்சிகளை நேருக்கு நேர் பாத்தவன் நான்."

பொருளாளர் ஒரு நொடி பார்த்தார். "வெறும் பொட்டுதான். இந்த வயசுல ஓரக்கண்ணால பாத்தா என் வீட்டுக்காரி சும்மா விடுவாளா?"

இருவரும் சிரித்தார்கள். அடுத்தது என் முறை. கண்ணைச் சற்று விலக்கியதும் நீலப் பச்சையாக ஒரு வட்டம் பூத்தது. நேரே பார்த்ததும் காணாமல் போனது.

"இருக்கு சார்," என்றேன்.

"ஓய், உமக்கு ஓட்டே கிடையாதே!" என்றார் தலைவர். உண்மைதான். அந்த விதியை எழுதியவனே நான்.

நெபுலா இல்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. அந்த அம்மாள் வில்லையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "வரேன் சார்," என்று படியிறங்கிவிட்டார்.

"போகட்டும், சந்திரனைப் பாப்போம்," என்று தலைவர் சங்கத்தின் பழைய வில்லையை மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். "மேகம் வந்துடுத்து."

பொருளாளரும் பார்த்தார். "ஆமாங்க, நல்ல கனத்த மேகம்."

மேற்கே பிறை துடைத்துவிட்டதுபோல் நின்றது. மேகமூட்டம் காரணமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.