மத்தியாஸ் பாஸ் எழுதித் தந்த ஒற்றை வரி

முப்பத்தொரு வருஷம் கணக்காய்வுத் திணைக்களத்தில் இருந்தவன் நான். மற்றவன் கணக்கில் பிழை பிடித்தே தலை நரைத்தவன். என் மேசைக்கு வந்த பற்றுச்சீட்டு ஒன்றுகூடக் கேள்வி கேட்கப்படாமல் திரும்பிப் போனதில்லை என்று கலியாண வீடுகளில்கூடப் பெருமையடித்திருக்கிறேன். அந்த வாயை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது மத்தியாஸ் பாஸின் கதையை. மரவேலைக்காரரையும் மேசனையும் இங்கே எல்லா மொழிக்காரரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கையின் கீழ்க்கோடியில், அறுபது படி இறங்கினால் அவருடைய வீடு. கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கெலிஓயாவில் ஒரு மர ஆலையில் பலகை சுமந்து, அங்கேயே உளி பிடிக்கப் பழகி, டொரதியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். வயது ஐம்பத்திரண்டு. ஆள் அதிகம் பேசமாட்டார். விலை சொன்னால் ஒரு தரம்தான் சொல்வார். குறைக்கச் சொன்னால் சிரிப்பார், வேலை பிடித்துப்போய்க் கூடக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். ஒழுங்கையில் பாதி வீட்டுக் கதவுகள் அவர் போட்டவைதான்.

போன வருஷம் இங்கே வேலை குறைந்துபோய்க் கொழும்புக்குப் போனார். மாடிக் கட்டிடமொன்றில் பலகையோடு ஏறி இறங்கி, இரண்டு முழங்காலும் வீங்கித் திரும்பி வந்தார். இனி அங்கே அனுப்பமாட்டேன் என்று டொரதி என் மனைவி இரஞ்சிதத்திடம் அழுதிருக்கிறாள். எங்கள் ஒழுங்கை நலன்புரிச் சங்கம் அப்போது ஒரு முன்பள்ளி கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய ஆறு கதவும் மத்தியாஸுக்குத்தான் என்று எல்லோரும் வாய்ப்பேச்சில் முடிவுபண்ணியிருந்தோம். அந்த ஆறு கதவு கிடைத்தால் ஆள் ஊரோடு இருப்பார். கிடைக்காவிட்டால் மறுபடி கொழும்புதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

எங்கள் வீட்டு முன்கதவைக் கறையான் தின்றுவிட்டது. மத்தியாஸைக் கூப்பிட்டேன். வந்தார், தன்னுடைய நாடாவால் அளந்தார், சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார், செய்து தருகிறேன் என்றார்.

"சும்மா சொன்னாக் காணாது. கொட்டேசன் எழுதித் தாரும்," என்றேன். என்னைவிடப் பதினாறு வயது இளையவர், ஐம்பதைத் தாண்டியவர் என்றாலும் 'நீங்கள்' என்று சொல்ல எனக்கு அதுவரை வாய் வந்ததில்லை.

அடுத்த நாள் கொப்பித்தாள் ஒன்றில் எழுதிக்கொண்டு வந்தார். 'கதவு ஒன்று. ரூபா 112,000. மத்தியாஸ்.' அவ்வளவுதான்.

"இதில என்னென்ன அடக்கம் எண்டு பிரிச்சு எழுதேல்லையே?"

"கதவு சேர்."

"கதவு எண்டா?"

"கதவுன்னா கதவுதான் சேர்," என்று சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. யாரிடம் சிரிக்கிறான் இவன்? அன்றைக்கே பஸ் ஏறி நகரத்துக்குப் போனேன். வீடு கட்டத் தேவையான சகலதும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் பெரிய கடை. உள்ளே போனால் குளிரும். சுபாஜினி என்று பெயர் குத்தியிருந்த பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தி, குடிக்கத் தண்ணீர் தந்து, கணினியில் தட்டி, முத்திரை குத்தின கொட்டேசன் ஒன்றை நீட்டினாள். கதவு 48,500. பொருத்துதல் இலவசம்.

இலவசம்! கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அது இரண்டு பக்கக் கடதாசி. பின்பக்கத்தை நான் திருப்பவில்லை. ஊராருடைய கடதாசியையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவன், என்னுடையதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு சங்கக் கூட்டம். மத்தியாஸும் டொரதியும் பின்வரிசையில் இருந்தார்கள். கதவு விஷயம் வந்ததும் எழும்பினேன். இரண்டு கடதாசியையும் இரண்டு கையில் உயர்த்திப் பிடித்தேன். ஒரே கதவு, ஒன்றில் நாற்பத்தெட்டாயிரம், மற்றதில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், இதுக்கு என்ன பேர் என்று கேட்டேன். "இது கள்ளவேலை," என்றேன். எங்கள் ஒழுங்கையில் பாதிக்குமேல் சிங்கள வீடுகள். ஒருவருக்கும் விளங்காமல் போய்விடக்கூடாதே என்று, "ஹொரகமக்" என்று சிங்களத்திலும் சொன்னேன்.

மத்தியாஸ் எழும்பி நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அதற்குள் டொரதி அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆறு கதவும் கடைக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டு பேர் வந்து எனக்குக் கைகொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை விடியப் புகையிரதத்தில் அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று இரஞ்சிதம் சொன்னாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கடைக்காரர் என் கதவைக் கொண்டுவந்தார்கள். யுகேஷ் என்றொருவர்தான் தலைமை, மரியாதையான ஆள். பழைய கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெல எங்க சேர்?" என்றார்.

நிலை என்றால் கதவைத் தாங்குகிற மரச்சட்டம். எங்கள் வீட்டு நிலையையும் கறையான்தான் தின்றிருந்தது.

"ஏன், நீங்கள் கொண்டுவரேல்லையோ?"

"இது கதவுப் பலக மட்டுந்தான் சேர். நெல வேற, பூட்டு பிணச்சல் வேற. பொறகால பாருங்க, போட்டிருக்கு."

அங்கேயே திருப்பிப் பார்த்தேன். எல்லாம் எழுதியிருந்தது, ஒரு ஒளிப்பும் இல்லை. நிலை தனி. பூட்டும், கதவை நிலையோடு பிணைக்கும் பிணைச்சலும் தனி. பழையதைக் கழற்றி உடைந்த சுவரைப் பூசினால் தனி. அளவு வித்தியாசமென்றால் தனி. எங்கள் வீட்டு வாசலோ பழைய வாசல், எந்த அளவுக்கும் அடங்காதது. வாகனம் வராத இடத்துக்குச் சுமந்தால் அதற்கும் கூலி. யுகேஷ் தன் கைபேசியில் கூட்டிக் காட்டினார். ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். பொலிஷ் இன்னும் சேரவில்லை.

இரஞ்சிதம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, மத்தியாஸின்ர விலையில இதெல்லாம் அடக்கமோ?"

கேட்டு அறியவேண்டுமே என்று பின்னேரம் அறுபது படியும் இறங்கிப் போனேன். டொரதி வாசலில் நின்றே பேசினாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அவரு கதவுன்னு சொன்னா எல்லாந்தான் சேர். நெல, பூட்டு, பிணச்சல், பொலிஷ், செவரு பூசுறது, எல்லாம். மழைக்கு வீங்கி இறுகுனா வந்து சீவிக் குடுக்குறதும் அதுலதான். தனியா எழுதுனா சில்லறைக்கு அலையிற மாதிரி இருக்கும்னு எழுதமாட்டாரு. ஏன் சேர், ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இந்த ஒழுங்கையில் இருபது வருஷம் இருக்கிறேன். 'அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவோ?' என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

சரி, அடுத்த கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்தானே? போகவில்லை. வயிற்றுக் கோளாறு என்று படுத்துவிட்டேன். "உங்களுக்கு வயித்தில ஒண்டுமில்லை. ஆக்களின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கிறியள்," என்று இரஞ்சிதம் சொல்லிவிட்டு, இரவு எனக்குக் கஞ்சி மட்டும் வைத்தாள். உண்மையைத்தான் சொன்னாள். ஒரு மாதம் முழுக்க நான் ஒழுங்கையில் குனிந்துகொண்டு நடந்தேன். முன்பள்ளிச் சுவருக்குப் பூச்சு முடியவில்லை, கடைக்கு இன்னும் முற்பணம் கட்டவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அதற்கடுத்த கூட்டம் பௌர்ணமிப் போயா விடுமுறையில் வந்தது. மத்தியாஸ் ஊருக்கு வந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார், கதிரையில் இருக்க முழங்கால் மடங்காமல் சுவரில் சாய்ந்து நின்றார். இதற்குமேல் தாங்காது என்று எழும்பினேன். முதல் நாளே எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். விலை ஒப்பீட்டு அறிக்கையில் நேர்ந்த ஒரு தவறுக்காக வருந்துகிறேன், மறுபரிசீலனை செய்யும்படி வேண்டுகிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலகத்தில் இப்படித்தான் சொல்லிப் பழக்கம். தலைவர் தலையாட்டினார். கதவு வேலை திரும்பவும் மத்தியாஸ் பாஸுக்கு, மாத முடிவுக்குள் அவர் ஓமென்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கடைக்கே என்று குறிப்பில் எழுதப்பட்டது. அப்பாடா, பாரம் இறங்கிவிட்டது என்று தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன்.

மத்தியாஸ் நொண்டி நொண்டி என்னிடம் வந்தார். பின்னால் டொரதி.

"சேர், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கோ," என்றேன்.

"கள்ளவேலன்னு சொல்லும்போது தமிழ்லயும் சொன்னீங்க, சிங்களத்துலயும் சொன்னீங்க. எல்லாருக்கும் வெளங்கணும்னு. இன்னைக்கு மட்டும் ஏன் சேர் இங்கிலீசு?"

"அது... குறிப்பில எழுத..."

"எனக்கு வெளங்கல சேர். இவளுக்கும் வெளங்கல. நீங்க எல்லாம் பெரிய மனசு பண்ணி கள்ளனுக்கு வேல போட்டுக் குடுத்த மாதிரி எல்லாரும் ஏந் தோள்ல தட்டிட்டுப் போறாங்க. எனக்கு அந்த வேல வேணாம். மொதல்ல ஏம் பேரக் குடுங்க. கதவப் பொறகு பாப்போம்."

சத்தம் போடவில்லை மனிதர். சத்தம் போட்டிருந்தால் எனக்கும் திருப்பிக் கத்த வசதியாக இருந்திருக்கும். கோப்பையைக் கீழே வைத்தேன். "மகே வெறத்த!" என்று கூவினேன், பிழை என்னுடையது என்று சிங்களத்தில். பிறகு தமிழிலும் சொன்னேன். மத்தியாஸ் கள்ளனில்லை, கடதாசியைத் திருப்பிப் பார்க்காத மடையன் நான் என்றேன். அறுபத்தெட்டாவது வயதில், சங்க மண்டபத்தின் நடுவே, மூக்கு ஒழுக. கேட்டவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் எல்லாம் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"போனவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார் மத்தியாஸ்.

"நான் போய்ச் சொல்லுறன். வீடு வீடாய்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டொரதியோடு படி இறங்கினார். மறுநாள் கொழும்புக்கும் போய்விட்டார்.

இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்குமேல், ஆட்கள் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து. வாசலில் நின்று நடந்ததைச் சொல்லுகிறேன். எல்லோரும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருகிறார்கள். 'உங்களைப்போல ஆர் சேர் இப்பிடி வந்து பிழையை ஒத்துக்கொள்ளுவினம்' என்கிறார்கள். நேற்று கஜலட்சுமி ரீச்சர் என் கையைப் பிடித்து, "உங்கட மனசு பெரிசு," என்று கண் கலங்கினார். அவருடைய அடுப்படிக் கதவுக்கு மத்தியாஸிடம் பேசி வைத்திருந்தாராம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேறு ஆளைப் பிடித்து வேலையை முடித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கவில்லை. மத்தியாஸ் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

அதைவிட வெட்கம் என்னவென்றால், கஜலட்சுமி ரீச்சர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒழுங்கையில் நிமிர்ந்து நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து இரஞ்சிதத்திடம் சொன்னேன். இரவு மறுபடியும் எனக்குக் கஞ்சி மட்டும் வைத்தாள்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கிறது. இன்னும் ஒன்பது வீடு மிச்சம். அந்த மனிதருடைய பேரைத் திருப்பிக் கொடுக்கத்தான் படியேறிப் போகிறேன். அதிலும் எனக்குத்தான் பேர் கிடைக்கிறது.