பாஸ்போர்ட்டுக்குப் பூசிய முகம்

சுமத்திராவில், மெடானில் இருந்த என் மனைவியின் அண்ணன் பிழைப்பது கடினம் என்று தந்தி வந்தது. நாங்கள் இருந்த பினாங்கிலிருந்து ஒரு நாள் கப்பல் பயணம்தான். ஆனால் அது டச்சுக்காரர் ஆண்ட ஊர், பாஸ்போர்ட் வேண்டும். அப்போதெல்லாம் கணவனின் பாஸ்போர்ட்டிலேயே மனைவியின் பெயரையும் படத்தையும் சேர்ப்பார்கள். என்னுடையது வந்தால்தான் அவள் போக முடியும்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன். "வியாழக்கிழமைக் கப்பலுக்குப் போயிடலாம்" என்று மார்தட்டினேன்.

சிறுவயதில் அம்மை வார்த்ததில், என் கன்னத்தில் பயறைக் கொட்டினால் உருளாமல் நிற்கும். சூலியா தெருப் பக்கம் படக்கடை வைத்திருந்த சீனர், படத்தில் தழும்புகளைப் பென்சிலால் பூசி மறைப்பதில் கெட்டிக்காரர். கன்னத்தைக் காட்டி, முடியுமா என்று கேட்டேன். "போலே லா", முடியும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

"இப்ப இதெல்லாம் எதுக்குங்க? இருக்கிற மூஞ்சியே போதும்" என்றாள் மனைவி.

"வெள்ளைக்காரன் பாக்குற படம். உனக்குத் தெரியாது" என்றேன். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் கேட்ட இடத்தில், 'ஏதுமில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அலுவலகத்தில் இருந்த தமிழ்க் குமாஸ்தா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், உங்க தம்பி வரலையா?"

"எந்தத் தம்பி?"

"இந்தப் படத்துல இருக்கிறவரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா படம் சரியா இருக்கு. நீங்க உங்க மூஞ்சியோட ஒண்ணு எடுத்துட்டு வாங்க, சார். தழும்பையும் எழுதுங்க."

மறுபடி படம், மறுபடி விண்ணப்பம். வியாழக்கிழமைக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு இரண்டு நாள் முன்பு இரண்டாவது தந்தி வந்தது. அண்ணன் இறந்துவிட்டார். பாஸ்போர்ட் அதற்கு மறுநாள் கைக்கு வந்தது.

கருநீல அட்டை, பொன்னிறச் சிங்கம், என் பெயர் தெரிய ஒரு சிறு சன்னல். மனைவி அதையெல்லாம் பார்க்கவில்லை. உள்ளே புரட்டி என் படத்தைப் பார்த்தாள்.

"இப்பதான் நீங்களா இருக்கீங்க" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கருமாதிக்குப் போனோம். அந்தக் கரையில் டச்சு அதிகாரி பக்கத்தைப் புரட்டினார், முத்திரை குத்தினார், நீட்டினார். என் முகத்தை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.