கடைசி வீட்டுக் குழாய்

தெருவிளக்கு, மழைநீர் வாய்க்கால், வீட்டுக்கு வீடு குடிநீர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தன் தங்கை இத்தனையும் நகராட்சியோடு மல்லுக்கட்டி வாங்கினாள் என்று அக்கா மார்தட்டிச் சொல்வாள்.

நகராட்சி குழாய் தந்தது. தெருக்காரர்கள் பள்ளம் தோண்டினார்கள். வேலை முடிந்ததாகத் தெருவின் சார்பில் தங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடைசி வீடான அக்கா வீட்டில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

நகராட்சி இன்ஜினியர் மைப்பெட்டியை நீட்டினார். “ஒரு வீடுதானேம்மா? கைநாட்டு வச்சிடு.”

“அந்த வீட்டுக்காரி காத்தையா சார் குடிப்பா?”

“விடுடி, உன் வீட்டுல பிடிச்சுக்கிறேன்” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு அக்கா! தோண்டினப்ப உன் கையுந்தானே கொப்புளிச்சுது?”

மறுபடி தோண்டினார்கள். இன்ஜினியரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். அக்காவின் குடம் நிரம்பிய பிறகே தங்கை மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். அக்காவிடம் பழகிய எழுத்துகளில் அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 1998 ஜூன் 17.