தலையணை உயரத்தில் ஒரு ஜன்னல்

என் மனைவி இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், கொட்டகையில் நிற்கும் ஜீப்பை விற்கும் எண்ணம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த வண்டியின்மீது எனக்குத் தீராத கோபம் ஒன்று இருக்கிறது. வண்டியை விற்றுவிட்டால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அது ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப். விடியற்காலையில் கம்பத்திலிருந்து மேற்கு மலையேறி, கேரளத்துத் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் வண்டிகளில் ஒன்று. நான் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பொருள்களின் வலிமை பற்றிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, சொந்த ஊரான உத்தமபாளையத்துக்குத் திரும்பிய புதிதில் அதை வாங்கினேன். இந்த நூற்றாண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

வாங்கியதற்குக் காரணம் என் மனைவியின் கண்கள். சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கிவிட்டது, சிகிச்சையால் மிச்சத்தைக் கொஞ்சகாலம் காப்பாற்றலாமே தவிரப் போனதை மீட்க முடியாது என்று மதுரையில் கண் மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது, ஆண்டிபட்டி தாண்டி மலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில், அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். பிறந்ததிலிருந்து இந்த மலைகளைக் கீழே இருந்தே பார்த்தாகிவிட்டது. ஒருநாள் மேலே தங்கி, அதிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு, விடிகிற வெளிச்சத்தில் நம் ஊரை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றாள். கண் இருக்கும்போதே என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

கம்பம்மேட்டுக்கு அப்பால் எனக்குத் தெரிந்த ஒருவருடைய ஏலத்தோட்டத்தின் விளிம்பில் ஒரு பாறை உண்டு. அங்கிருந்து பார்த்தால் கூடலூர் முதல் சின்னமனூர் வரை பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். உத்தமபாளையமும் தெரியும். அங்கே போய் வண்டியிலேயே தங்குவது என்று முடிவு செய்தேன். நெடுநேரம் உட்கார்ந்தால் அவள் கால்கள் மரத்துப்போகும். ஆகவே பின்பக்கத்து நீள இருக்கைகள் இரண்டையும் அகற்றிவிட்டு மடக்குக் கட்டில் ஒன்று பொருத்தினேன். பின்கதவின் உட்புறம் அடுப்புக்கு ஒரு பெட்டி, கூரைமேல் தண்ணீர் டிரம், பக்கவாட்டில் இழுத்துக் கட்டத் தார்ப்பாய். இடதுபக்கத் தகட்டை வெட்டி, அவள் தலையணை உயரத்துக்கு அகலமான ஜன்னல் ஒன்று வைத்தேன். படுத்தபடியே அவள் ஊரைப் பார்க்கலாம் என்பது என் திட்டம்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். ஆள் சுமந்த வண்டி என்பதால் பின்சக்கரங்களின் ஸ்பிரிங் கட்டுகள் கல்லாக இருந்தன. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு அதிரும். இனிமேல் நாலு பேரும் தட்டுமுட்டும்தானே என்று எடையைக் கணக்கிட்டு, இரண்டு பக்கமும் கட்டுகளில் இருந்த எஃகுப் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றிவிட்டேன். கணக்கு சரியான கணக்கு. இன்றும் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

நாலு பேர் என்றது நான், என் மனைவி, எங்கள் மகள், என் மனைவியின் தம்பி. திராட்சை வியாபாரியான அவன், வேலை நடந்த நாள்களில் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவான். "மச்சான், வண்டிய வீடாக்கிட்டீக. வீட்டு வரி கேட்டு ஆளு வரப்போறாக" என்றான் ஒருநாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அசர் தொழுகை முடிந்து கிளம்பினோம். கம்பம் தாண்டி மலைச்சாலை தொடங்கும் இடத்திலேயே முதல் கை நீண்டது. அரிசிப் பையோடு ஒரு பெண். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவள், சாமான் வாங்கக் கீழே வந்து திரும்புகிறவள். அந்தச் சாலையில் மேலே போகும் ஜீப் எதுவானாலும் கைகாட்டினால் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. எங்கள் வண்டியின் முகமும் நிறமும் மாறவே இல்லை. உள்ளே கட்டில் கிடப்பது வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் நிறுத்தாமல் போனேன்.

"நிறுத்துங்க" என்றாள் என் மனைவி.

இது பயணிகள் வண்டி இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"எடம் இருக்குற வண்டி மேல போகுது. கைகாட்டுறவுகள விட்டுட்டுப் போனா பாக்குறவுக என்ன நெனப்பாக? அந்தப் புள்ள இருட்டுறதுக்குள்ள எப்படிப் போய்ச் சேரும்?"

நிறுத்தினேன். அந்தப் பெண் ஏறி, கட்டிலைப் பார்த்துத் திகைத்து, பிறகு அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் ஒரு குடும்பம். அதற்கடுத்து மண்ணெண்ணெய் டின்னோடு ஒரு கிழவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் பல்லைக் கடித்தபடி கியர் மாற்றினேன். ஏறுகிறவர்களிடம் கட்டில் உடைந்துவிடும் என்று மகள் கெஞ்சினாள். மைத்துனனோ பின்னால் தொங்கியபடி, "உள்ள தள்ளி உக்காருங்க, இன்னும் ரெண்டு பேருக்கு மெத்தை இருக்கு" என்று கண்டக்டர் வேலை பார்த்தான். என் மனைவி முன்னிருக்கையில் இருந்து திரும்பி, யார் எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. அப்போது அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கம்பம்மேட்டுக்குச் சில வளைவுகள் இருக்கும்போது வண்டியின் பின்புறம் தடாரென்று ஒருபக்கமாகச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தேன். அவ்வளவு எடை தாங்காமல் ஸ்பிரிங்கின் தலைப்பட்டை இரண்டாக உடைந்திருந்தது. ஏறி வந்தவர்கள் எங்களுக்காக வருந்தினார்கள், மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டார்கள், குறுக்குப்பாதையில் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்றிரவு அந்த வளைவிலேயே தங்கினோம். வண்டி நின்ற கோணத்தில் இடதுபக்கம் மலைச்சுவர். நான் அளந்து வெட்டிய ஜன்னலில் ஈரப்பாறையும் கொஞ்சம் பெரணிச்செடியும் தெரிந்தன. அவள் அதைப் பார்த்தபடி படுத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஜ்ர் முடித்துவிட்டு, விடிவதற்குள் வண்டியைச் சரிசெய்து பாறைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகிக் கயிற்றால் இறுக்கினால் மெதுவாக ஓட்டலாம். நானும் மைத்துனனும் வண்டிக்கு அடியில் படுத்தோம். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஜீப்புகள் கீழிருந்து வரத் தொடங்கின. எங்கள் வண்டி பாதிச் சாலையை அடைத்திருந்தது. அந்த வளைவில் ஒன்றன்பின் ஒன்றாக அவை நின்றன.

"யாருய்யா நடுரோட்டுல வீடு கட்டுனது?" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

"மச்சான் பிளான் போட்டுக் கட்டுனது. மாடி இன்னும் முடியல" என்று அடியில் இருந்தே பதில் கொடுத்தான் மைத்துனன்.

ஜீப்புகள் பின்னால் நகர்ந்து வழி எடுப்பதற்காகப் பெண்களெல்லாம் இறங்கினார்கள். எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. தேய்ந்த ரப்பர் செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்த தடித்த அடிப்பாகத்தோடு. அது சாலையின் விளிம்பு நோக்கி மெல்ல நகர்ந்தது. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"அந்தா, தென்னந்தோப்புக்கு அங்கிட்டு. எங்க காமயகவுண்டன்பட்டி" என்றது ஒரு குரல்.

"எங்கன?" என்றாள் என் மனைவி.

"என் கைய நீட்டுறேன், இதோடயே பாருங்க ஆத்தா."

பிறகு குரல்கள் கலந்துவிட்டன. ஒருத்தி வாய்க்காலைச் சொன்னாள், ஒருத்தி வயலைச் சொன்னாள், வேறொருத்தி காமயகவுண்டன்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை என்று கேலி செய்ய எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அப்போது என்னை அழைத்தாள்.

"என்னங்க, வந்து பாருங்களேன்."

ஜாக்கி ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டிருந்தது. கட்டை இன்னும் உட்காரவில்லை. விட்டால் வண்டி எங்கள் மேலேயே இறங்கிவிடும். இதோ வருகிறேன் என்றேன். கயிற்றைக் கட்டி முடித்து, கையைத் துடைத்து, ஊர்ந்து வெளியே வந்தபோது ஜீப்புகள் போய்விட்டிருந்தன. வெயில் முகத்தில் அடித்தது. பள்ளத்தாக்கு வெண்மையாகக் கூசியது. ஒன்றையும் பிரித்தறிய முடியவில்லை. அவள் கண்களை மூடிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

பாறைக்குப் போகும் அளவுக்கு அந்தக் கட்டை தாங்கவில்லை. இறங்கினோம். வண்டியைத் திருப்பியதும் ஜன்னல் பள்ளத்தாக்கின் பக்கம் வந்தது. ஆனால் அவள் கட்டிலில் தூங்கிவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன்.

"எல்லாம் பாத்தேன். நம்ம பள்ளிவாசல் மினாராகூடத் தெரிஞ்சுச்சு" என்றாள்.

உடைந்ததை மாற்றி, கழற்றிய பட்டைகளையும் திரும்பப் பொருத்தினேன். மறுபடி கிளம்பலாம் என்று பலமுறை அழைத்தேன். "அதான் பாத்தாச்சே" என்று முடித்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின. அப்படியே சில வருடங்கள் இருந்தாள். பிறகு சிறுநீரகம் பழுதாகி இறந்தாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தபின், ஒருநாள் தனியாக அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு அதே வளைவுக்குப் போனேன். விடியும்போது விளிம்பில் நின்றேன். கம்பம் தெரிகிறது. காமயகவுண்டன்பட்டித் தென்னைகள் தெரிகின்றன. வடக்கே மலையின் கிளை ஒன்று நீளமாக இறங்கி உத்தமபாளையத்தை முற்றிலும் மறைத்து நிற்கிறது. இடம் மாறி நின்று பார்த்தேன். முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்குக் குனிந்தும் பார்த்தேன். எங்கள் மினாரா அங்கிருந்து தெரிய வழியே இல்லை.

கம்பத்து மினாராவை எங்களுடையது என்று அவள் எண்ணியிருக்கலாம். அல்லது அந்தப் பெண்களின் கைகளைத் தவிர எதையும் பார்க்காமலே, எண்ணெய்க் கையோடு எதிரில் நின்ற எனக்காக அப்படிச் சொல்லியிருக்கலாம். மகளிடம் கேட்டேன், அவள் வண்டிக்கு மறுபக்கம் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாளாம். மைத்துனன் என்னோடு அடியில் கிடந்தவன். அந்தப் பெண்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களின் கால்களை மட்டுமே பார்த்தேன்.

தனியாகப் போன அன்று, பாறை இன்னும் சில வளைவுகளுக்கு மேலே இருந்தது. அங்கே போனால் ஊர் தெளிவாகத் தெரிந்திருக்கும். வண்டியும் நல்ல நிலையில் இருந்தது. அவள் இல்லாமல் அங்கே நான் போகவில்லை.